கொழிஞ்சி ஓடைக்குப் படி வைத்த கதை

தேனிப் பக்கம் போகிறேன் என்றால் மேகமலையா, சுருளியா, கும்பக்கரையா என்றுதான் கேட்பார்கள். நான் சாக்கடை பார்க்கப் போகிறேன் என்றேன். என் கணவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மதுரையில இல்லாத சாக்கடையா?" என்றார். நியாயமான கேள்விதான், பதில் சொல்லாமல் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

விஷயம் இதுதான். கண்மாய், வாய்க்கால், ஆற்றங்கரை என்று நடந்து பார்த்து எழுதுகிற பக்கம் இது என்பது வழக்கமாக வாசிப்பவர்களுக்குத் தெரியும். போன மாதம் ஒரு வாசகி பின்னூட்டத்தில் எழுதியிருந்தார்: 'எங்கள் சின்னமனூரில் கொழிஞ்சி ஓடை என்று ஒன்று இருந்தது. வெள்ளத் தடுப்பு என்று இரண்டு பக்கமும் கான்கிரீட் சுவர் எழுப்பி, அடியிலும் கான்கிரீட் போட்டுவிட்டார்கள். முடிந்தால் வந்து பாருங்கள்.' எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. கான்கிரீட் என்ற சொல்லைக் கேட்டாலே கோபம் வருகிற வயதில் இருக்கிறேன். புரட்டாசி கடைசி வாரத்துப் புதன்கிழமை, திட்டி எழுதுவது என்ற ஒரே நோக்கத்தோடு புறப்பட்டேன். 'ஓர் ஓடையின் மரணம்' என்று தலைப்பைக் கூடப் பேருந்திலேயே யோசித்து வைத்துவிட்டேன்.

ஆரப்பாளையத்தில் காலை ஆறேகாலுக்கு வண்டி. உசிலம்பட்டி வரைக்கும் தூங்கலாம். ஆண்டிபட்டிக் கணவாயில் மட்டும் கட்டாயம் விழித்திருங்கள், அங்கே ஜன்னல் வழியாக வருகிற காற்றுக்குத் தனியாகவே டிக்கெட் போடலாம். எட்டரை மணிக்குத் தேனி. பேருந்து நிலையத்துக்கு எதிரே நான்கு இட்லி, ஒரு வடை. சட்னியில் காரம் தூக்கல், எனக்கு அது பிடிக்கும். அங்கிருந்து சின்னமனூருக்கு இருபத்தைந்து கிலோமீட்டர்தான், முக்கால் மணி நேரத்தில் போய்விடலாம். வீரபாண்டி தாண்டியதும் இரண்டு பக்கமும் வாழையும் தென்னையும் நெல்லும் மாறி மாறி வந்து கண்ணுக்கு விருந்து வைக்கும். இடது கைப்பக்கம் மேகமலை. அன்றைக்கு அதன் தலையில் கறுப்பாக மேகம் உட்கார்ந்திருந்தது. முந்தின ராத்திரி மலையில் நல்ல மழையாம்.

நடத்துநரிடம் "ஓடைப் பாலம் ஒண்ணு" என்று கேட்டு வாங்கியிருந்தேன். சின்னமனூரில் இறங்க எழுந்தால் மனிதர் கையை நீட்டி மறிக்கிறார்.

"உக்காருங்கம்மா. ஓடைப்பட்டி இன்னும் பன்னெண்டு கிலோமீட்டர் இருக்கு."

"நான் ஓடைப்பட்டி கேக்கலியே, ஓடைப் பாலம்னுதானே கேட்டேன்."

"இந்த வண்டியில ஓடைன்னா ஓடைப்பட்டிதாம்மா. வெளியூர்லருந்து வாறவுக பூராம் தெராச்ச வாங்க அங்கனதான் போவாக. நீங்க இங்கன எறங்கி என்ன செய்யப் போறீக?"

"சாக்கடை பார்க்கப் போறேன்."

அவர் ஓட்டுநரைப் பார்த்தார். ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். பிறகு இருவருமாகச் சேர்ந்து மரியாதையாக என்னை இறக்கிவிட்டார்கள்.

ஓடை ஊரின் மேற்கே முல்லைப் பெரியாற்றில் போய்ச் சேர்கிறது. அங்கிருந்து கிழக்கே, தண்ணீருக்கு எதிர்த் திசையில் நடப்பது என் திட்டம். முழுதாக நடந்தால் இரண்டரைக் கிலோமீட்டர். சுவர் இரண்டு ஆள் உயரம், நேர்கோடு, ஒரு வளைவு, மறுபடி நேர்கோடு. உள்ளே கணுக்கால் அளவுக்குச் செம்மண் நிறத்தில் தண்ணீர். திட்டுவதற்கு வாகாகத்தான் இருந்தது. ஆனால் நடக்க நடக்க வேறு சிலதும் கண்ணில் பட்டுக்கொண்டே வந்தது. கைப்பிடிச் சுவரின் தலைப்பு ஓர் அடி அகலம். அதன் மேல் ஒரு வீட்டுக்காரர்கள் மிளகாய் காயப்போட்டிருந்தார்கள். அடுத்த வீட்டில் புளி. அதற்கடுத்த வீட்டில் யாரோ அந்த ஓரடி அகலத்திலேயே நீளவாக்கில், ரயில் பெட்டிகளைப் போல, கோலம் போட்டு வைத்திருந்தார்கள். நீட்டிக்கொண்டிருந்த கம்பி ஒன்றில் மீன்கொத்தி உட்கார்ந்து என்னை முறைத்தது. செத்துப்போன ஓடையில் அதற்கு என்ன வேலை? கோபத்தைக் கொஞ்சம் கஷ்டப்பட்டுத்தான் காப்பாற்ற வேண்டியிருந்தது.

ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டரில் ஓடைத் தெரு வருகிறது. ஓடையை ஒட்டியே ஒரு காளியம்மன் கோயில், வாசலில் வேப்பமரம். தெரு முழுக்க மாவிலைத் தோரணம், மைக் செட், வாழை மரம். கோயில் கும்பிடு. அன்று மாலை முளைப்பாரி கரைக்கிற நாள் என்று எனக்குத் தெரியாது. தற்செயலாகப் போய் மாட்டிக்கொண்டேன், அதற்காக இன்றுவரை சந்தோஷப்படுகிறேன்.

"படி வச்சாச்சா?" என்று ஒரு வீட்டிலிருந்து குரல் கேட்கும். "வச்சாச்சு" என்று எதிர்வீட்டிலிருந்து பதில் வரும். பிறகுதான் புரிந்தது. கும்பிடு அன்றைக்கு வீட்டுக்கு ஒரு படி அரிசி கொண்டுவந்து சாமி முன்னால் வைக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிப் பொங்கித் தெருவே சாப்பிடும். அதற்குப் பெயர்தான் படி வைப்பது. எனக்கும் ஆசை வந்துவிட்டது. பக்கத்துக் கடையில் அரிசி வாங்கி வருகிறேன், நானும் ஒரு படி வைக்கட்டுமா என்று கேட்டேன்.

"கூடாது தாயி. வெளியூர்க்காரவுக எங்க சாமிக்குப் படி வைக்கக் கூடாது. நாங்கதான் வைக்கணும். நீங்க வந்து சாப்பிடுங்க, எம்புட்டு வேணாலும் சாப்பிடுங்க" என்று பதில் வந்தது. சொன்னவர் பேச்சியம்மாள் அக்கா. ஐம்பது, ஐம்பத்தைந்து வயதிருக்கும். வாழை இலை மொத்த வியாபாரம். ஏலத்தில் கத்திக் கத்திப் பழகிய குரல், பக்கத்தில் நின்றால் மைக் செட்டே வேண்டாம். இந்த வருடக் கும்பிடு அவர் பொறுப்பு.

அவர் முகத்தில்தான் அன்றைக்குத் திருவிழா இல்லை. சுவரை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வந்த காரியத்தைச் சொன்னேன். ஓடையை இப்படிக் கொன்றுவிட்டார்களே என்று என் பங்குக்கு ஆரம்பித்தேன். சட்டென்று திரும்பினார்.

"யாரு கொன்னது? தாயி, இந்தச் சொவரு இல்லாதப்ப நீங்க வந்து பாத்திருக்கணும். ஐப்பசியில மலையில மழை பேஞ்சா கட்டிலு மேல கட்டிலப் போட்டு ஏறி உக்காந்திருப்போம். கேஸ் சிலிண்டரு வாசல் வழியா மிதந்து போகும், பாத்துக்கிட்டே இருப்போம். எலைக்கட்டு அம்புட்டும் ஆத்தோட போன வருசமும் உண்டு. இப்ப இடி இடிச்சாலும் போத்திப் படுத்துத் தூங்குறோம். சொவரு எங்களுக்குச் சாமி மாதிரி. ஆனா எறங்க ஒரு வழி வச்சிருக்கணும்ல?"

அதுதான் பிரச்சினை. சுவர் முடிந்த பிறகு வருகிற முதல் கும்பிடு இது. முன்பெல்லாம் கோயில் வாசலிலிருந்து மண்சரிவில் இறங்கி ஓடையில் கரைப்பார்களாம். இப்போது இரண்டு ஆள் உயரச் சுவர். தலையில் முளைப்பாரியோடு எப்படி இறங்குவது? ஆற்றுக்குக் கொண்டுபோகலாம் என்று தெருவின் இளவட்டங்கள் ஒரு மினி லாரியைக் கொண்டுவந்து, வாழை மரம் கட்டி, தயாராக நிறுத்தியிருந்தார்கள். அக்கா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"காலங்காலமா மண்ணு எடுத்த ஓடையிலதான் மொளைப்பாரி கரையணும். லாரியில ஏத்துனா அது மொளைப்பாரியா, தக்காளிக் கூடையா? எம் பொறுப்புல நடக்குற வருசம் பாத்தா எங்க ஆத்தா லாரியில போகணும்?" குரல் உடைந்துவிட்டது. அத்தனை பெரிய குரல் உடையும்போது கேட்கச் சகிக்கவில்லை.

சாப்பாடு முடிந்து மூன்று மணி வாக்கில் ஒரு பைக் வந்து தெருமுனை ஓடைப் பாலத்தில் நின்றது. மஞ்சள் ஹெல்மெட் போட்ட ஓர் இளைஞர் இறங்கிப் பாலத்தடியில் குப்பை அடைத்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். சுவர் வேலையை நின்று செய்த சைட் சூப்பர்வைசர் அவர்தானாம். பெயர் செந்தில், நாமக்கல் பக்கம். மலையில் மழை என்றால் இப்படி ஒரு நடை வந்து பார்த்துவிட்டுப் போவாராம். அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நேராகப் பாலத்துக்குப் போனார். பின்னாலேயே தெரு போனது. தெருவோடு நானும் போனேன்.

"ஏந் தம்பி, எங்க சாமி ஒங்களுக்கு என்ன கெடுதல் பண்ணுச்சு? இம்புட்டு நீளத்துக்குச் சொவரு கட்டுனீகளே, கோயிலுக்கு நேரா நாலு படி வச்சிருந்தா ஒங்க சிமிண்டு கொறஞ்சா போயிருக்கும்?"

செந்தில் திருதிருவென்று விழித்தார். "ஏனுங்க, நான்தான் கேட்டேனுங்களே!"

"எப்பக் கேட்டீக?"

"கடைக்கால் தோண்டறப்பங்க. நீங்க அந்த வேப்பமரத்தடியில எலைக்கட்டு மேல உக்காந்துட்டு இருந்தீங்க. கோயிலுக்குப் படி வெக்கோணுங்களான்னு உங்ககிட்டத்தானுங்க கேட்டேன். 'வெளியூர்க்காரவுக எங்க சாமிக்குப் படி வைக்கக் கூடாது, நாங்களே வச்சுக்குவோம்'னு சொல்லிப் போட்டீங்க. சரி, சாமி காரியம், அவங்களே கட்டிக்குவாங்களாட்டம் இருக்குதுன்னு நானும் விட்டுட்டேனுங்க."

தெருவே அக்காவின் பக்கம் திரும்பியது. அந்த வாக்கியத்தின் முதல் பாதியை அன்று காலையில் நானே என் காதால் கேட்டிருந்தேன், ஒரு சொல் மாறவில்லை.

"ஆத்தாடி!" என்றார் பேச்சியம்மாள் அக்கா. "நான் அரிசின்னுல்ல நெனச்சேன்!"

முதலில் பூக்கட்டிக்கொண்டிருந்த பெண் ஒருத்திதான் களுக்கென்று சிரித்தாள். அப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை. லாரிக்குள் உட்கார்ந்திருந்தவர்கள் இறங்கி வந்து சிரித்தார்கள். மேளக்காரர் மேளத்தின் மேலேயே சாய்ந்துவிட்டார். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார், கண்ணில் தண்ணீர். சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை, இரண்டும்தான் என்று நினைக்கிறேன். "ஒரு வருசமா இந்தப் பிள்ளைய எம்புட்டு வஞ்சிருக்கேன். சோறு திங்கும்போதெல்லாம் வஞ்சேனே" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

"அதாங்க எனக்கு அடிக்கடி பொரை ஏறுச்சு" என்றார் செந்தில். மறுபடி ஒரு ரவுண்டு சிரிப்பு.

சிரித்து ஓய்ந்த பிறகும் படி இல்லைதானே. மணி நான்கை நெருங்கிக்கொண்டிருந்தது. செந்தில் தலையைச் சொறிந்தார். கோயிலுக்குக் கிழக்கே அரைக் கிலோமீட்டரில், வாழைக்காய் மண்டிக்குப் பின்னால், தூர் வாரும் இயந்திரம் இறங்குவதற்கு ஒரு சாய்தளம் இருக்கிறது. அதற்கு இரும்புக் கதவு, பூட்டு. சாவி அவரிடம். திறந்துவிட்டு யாராவது வழுக்கி விழுந்தால், திடீரென்று மேலே மழை பிடித்தால், அவர் வேலை போய்விடும். அதை அவர் மறைக்காமல் சொன்னார். அக்கா கெஞ்சவில்லை. "ஒங்களுக்குக் கெடுதல் வர்ற மாதிரின்னா வேணாம் தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டு லாரியைப் பார்த்தார். அன்றைக்கு முதல்முறையாகப் பார்த்தார்.

செந்தில் போனை எடுத்துக்கொண்டு ஓரமாகப் போனார். மலையடிவாரத்தில் தெரிந்த ஒருவரிடம் பேசினார், பிறகு எங்கெங்கோ பேசினார், 'சார்' 'சார்' என்பது மட்டும் எங்களுக்குக் கேட்டது. திரும்பி வந்து விதிகளைச் சொன்னார். மேலே காலையிலேயே மழை விட்டுவிட்டது, இருந்தாலும் அரை மணி நேரம்தான். முளைப்பாரி எடுப்பவர்களும் கைத்துணைக்குச் சிலரும் மட்டும் இறங்க வேண்டும். இரண்டு சுவரோரமும் கயிறு கட்டி ஆள் பிடித்திருக்க வேண்டும். அவர் பாலத்தில் நிற்பார். விசில் அடித்தால் சாமியே வந்து நின்றாலும் திரும்பி ஏறிவிட வேண்டும்.

"சாமிகிட்ட நான் சொல்லிக்கிறேன், நீங்க கதவத் தெறங்க!" அக்காவின் குரல் திரும்பி வந்துவிட்டது. என்னைப் பார்த்தார். "ஏ தங்கச்சி, சாக்கடை பாக்கத்தான வந்தீக? மேல நின்னு என்னத்தப் பாக்கப் போறீக, உள்ள வாங்க!"

செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினேன். மலைத் தண்ணீர், கால் வைத்ததும் சில்லென்று உச்சி வரை ஏறியது. ராத்திரி மழை எல்லா அழுக்கையும் அடித்துக்கொண்டு போயிருந்ததால் நாற்றம் என்று எதுவும் இல்லை. முன்னால் நாற்பத்தொரு முளைப்பாரிகள், இளம்பச்சையாக, வரிசையாக அசைந்து போகின்றன. யாரோ ஒருத்தி குலவையை எடுத்தாள்.

அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவது? இரண்டு பக்கச் சுவரும் குலவையை வாங்கி எதிரெதிரே அடித்தன. நாற்பது பெண்களின் குலவை நானூறு பெண்கள் போட்டது போலக் கேட்டது. போட்டவர்களே பயந்துபோய் நிறுத்தினார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம், வேண்டுமென்றே, இன்னும் பலமாக ஆரம்பித்தார்கள். மண்கரை இருந்த காலத்தில் இப்படி ஒரு சத்தம் கேட்டதே இல்லை என்று பக்கத்தில் வந்த பெண் என் காதில் கத்தினாள். மேலே சுவர் நெடுக ஊர் உட்கார்ந்திருந்தது. காய்ந்த மிளகாயை அள்ளி ஓரம் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். மஞ்சள் தண்ணீர் மேலேயிருந்து விழுந்துகொண்டே இருந்தது. நான் அழுதேன். சந்தோஷத்தில்தான், சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கம் இல்லை. நடுவில் ஆடவும் ஆடினேன், அதற்குக் கொஞ்சம் வெட்கம் உண்டு.

கோயிலுக்கு நேராக வந்ததும் நின்று, ஒவ்வொன்றாகத் தண்ணீரில் விட்டார்கள். மண் கரைந்தது. முளைகள் மட்டும் சேர்ந்து, சாம்பல் நிறச் சுவர்களுக்கு நடுவே, பச்சையாக நீளமாக ஆற்றைப் பார்த்துப் போயின. பேச்சியம்மாள் அக்கா கடைசியாக விட்டார். விட்ட கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் தண்ணீருக்குள்ளேயே வைத்திருந்தார். விசில் அடிக்கவில்லை. ஆனால் எல்லோரும் மேலே ஏறிய பிறகு எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் செந்தில் கதவைப் பூட்டினார்.

அதோடு முடியவில்லை. கோயில் வாசலில் அக்கா அவரை மறித்தார். கையில் பித்தளைப் படி, கோபுரமாக அரிசி. வாங்கிக்கொள்ளச் சொன்னார். படியைத் திருப்பித் தர வேண்டுமே, கொட்டிக்கொள்ளப் பாத்திரம் எதுவும் இல்லையே என்று செந்தில் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு ஹெல்மெட்டைக் கழற்றி, தலைகீழாகத் திருப்பி, இரண்டு கையாலும் ஏந்தினார். அக்கா அதில் கொட்டினார்.

"நாங்க படி வச்சுட்டோம் தம்பி. இனி நீங்க வைங்க."

தெரு மறுபடி சிரித்தது. செந்தில் மட்டும் சிரிக்காமல், "வெக்கறனுங்க" என்றார்.

போக நினைப்பவர்களுக்குச் சில தகவல்கள். மதுரையிலிருந்து பேருந்து இருக்கிறது, தேனி வரை ரயிலும் உண்டு. தேனியில் கம்பம் போகும் எந்த வண்டியிலும் ஏறலாம். ஓடைப்பட்டி வண்டியில் ஏறினால் 'சின்னமனூர்' என்று மட்டும் சொல்லுங்கள், 'ஓடை' என்ற சொல்லையே எடுக்காதீர்கள். எடுத்துவிட்டால் அப்படியே போய்த் திராட்சை வாங்கிக்கொண்டு வாருங்கள், நான் மறுநாள் அதைத்தான் செய்தேன். இரண்டு கிலோ, விதையுள்ளது, நல்ல இனிப்பு. ஓடையோரம் நடக்கக் காலை நேரம் சரி, வெயில் ஏறினால் கான்கிரீட் சுடும். கைப்பிடிச் சுவர் மேல் காய்கிற எதையும் தொடாதீர்கள். மலையில் மேகம் இருக்கும்போது உள்ளே இறங்கவே இறங்காதீர்கள், நாங்கள் இறங்கியது ஒருவர் தன் வேலையைப் பணயம் வைத்துக் காவல் நின்றதால். பேச்சியம்மாள் அக்கா சாப்பிடக் கூப்பிட்டால் மறுக்காதீர்கள், மறுத்தாலும் நடக்காது.

'ஓர் ஓடையின் மரணம்' என்ற தலைப்பை நான் பயன்படுத்தவில்லை என்பதைப் பார்த்திருப்பீர்கள். கான்கிரீட் மேல் எனக்கு இன்னும் பிரியம் வந்துவிடவில்லை. ஓடைக்கு மண்கரைதான் அழகு என்று இப்போதும் நினைக்கிறேன். ஆனால் ஐப்பசி மழையில் போர்த்திப் படுத்துத் தூங்குகிறவர்கள் முன்னால் நின்று அதைச் சொல்ல இனி எனக்கு வாய் வராது.

இதை எழுதி முடித்து, படங்களைச் சேர்த்துக்கொண்டிருந்தபோது அக்காவிடமிருந்து போனில் ஒரு படம் வந்தது. கோயிலுக்கு நேராகச் சுவர் வெட்டப்பட்டு, உள்பக்கமாகத் தண்ணீர் வரை படிகள் இறங்குகின்றன, பக்கத்தில் கைப்பிடிக் கம்பியும் ஒரு சின்னக் கதவும். சிமெண்ட் இன்னும் காயவில்லை, சாக்கு நனைத்துப் போட்டிருக்கிறார்கள். மேல்படியில் யாரோ அதற்குள் கோலம் போட்டுவிட்டார்கள். கூடவே அக்காவின் குரல், போனைக் காதிலிருந்து தள்ளி வைத்துத்தான் கேட்க வேண்டியிருந்தது:

"தங்கச்சி! தம்பி எங்க சாமிக்குப் படி வச்சுட்டாக. வெளியூர்க்காரவுக வைக்கக் கூடாதுல்ல, அதனால தெருக் கூட்டம் போட்டு அவுகள எங்க தெருக்காரராச் சேத்துட்டோம். வாற வருசம் அரிசியும் அவுக வைக்கணும்."